அங்கீகாரம் பெறாத கை

ஆக்லாந்தில் ஒரு கறிவேப்பிலைச் செடியைக் குளிர்காலம் முழுவதும் உயிரோடு வைத்திருப்பது கடினம். அச்செடியின் படமொன்றைத் தென்கடல் கறிவேப்பிலை வளர்ப்போர் இணைய மன்றத்தில் ஏற்றுவது அதனினும் கடினம். முன்னதற்குப் புளித்த மோரும் சிறிது வெயிலும் இருந்தால் ஒருவாறு சமாளித்துவிடலாம். பின்னதற்கோ தலைவர், செயலாளர், படத்தர ஆய்வுக்குழு, மேன்முறையீட்டுக்குழு ஆகிய அனைவருடைய மனமும் ஒரே சமயத்தில் கனிய வேண்டும். அவ்வாறு கனிந்ததாக அண்மைக்கால வரலாற்றில் செய்தியில்லை.

இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகக் கரகரத்துக்கொண்டு வந்த காலத்தில் அம்மன்றத்தில் பல நூறு பேர் எழுதினர். பின்னர் முகநூல் வந்தது, வாட்சப் வந்தது. ஒவ்வொருவராக மூட்டை கட்டினர். எஞ்சியோர் ஒரு வேனில் ஏற்றிவிடக்கூடிய தொகையினரே. அவர்கள் எல்லாருமே ஏதாவதொரு பதவியில் இருந்தமையால், ஆளுவதற்கு ஆளில்லாமல் மன்றம் தவித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையிலேதான் பிளாக்ஹவுஸ் பேயில் வசிக்கும் இராசநாயகம் அதன் வாசலிற் போய் நின்றார்.

இராசநாயகத்துக்குக் கறிவேப்பிலையில் நாட்டம் இருந்ததே இல்லை. செடி வளர்த்தவர் அவருடைய மனைவி ரதிதேவி. அவர் சென்ற ஆண்டு ஆகஸ்டில், குளிர் விடுவதற்கு முன்னரே, காலமானார். ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அச்சிடுவதற்காக, தாயின் படம் ஏதாவது அகப்படுமா என்று மகள் ராகவி இணையத்தில் அவர் பெயரைத் தட்டிப் பார்த்தாள். மன்றம் அகப்பட்டது.

"அப்பா, இஞ்ச வாங்கோ. அம்மா எவ்வளவு போட்டோ போட்டிருக்கிறா எண்டு பாருங்கோ. டிட் யூ நோ?"

இராசநாயகத்துக்குத் தெரியாது. வீட்டின் பின்வளவுத் தோட்டத்தில் மனைவி எந்நேரமும் குனிந்து நிற்பது தெரியும். நிமிர்ந்த பின்னர் என்ன செய்தார் என்பது தெரியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். படம் ஒவ்வொன்றும் தபால் முத்திரை அளவே இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைக் கொத்து. அதன் அருகே மண்ணிறத்தில் ஏதோவொரு திட்டு.

"இதென்ன, கட்டையோ?"

"கட்டையில்லை. அது அம்மாவின்ர கை."

செடியின் உயரம் விளங்குவதற்காக அருகில் ஒரு பொருளை வைத்துப் படமெடுத்தல் அம்மன்றத்தின் வழக்கம். மற்றையோர் அளவுகோலாக அடிமட்டம் வைத்தனர். ரதிதேவி வலக்கையாற் படமெடுத்து இடக்கையை அளவாக வைத்தார். சாண் என்றால் சாண், விரல் என்றால் விரல். கை எப்போதும் கூடவே இருந்தபடியால் அவர் அடிமட்டம் தேடி வீட்டுக்குள் ஓட நேர்ந்ததில்லை.

இராசநாயகத்தின் கண் கடைசிப் படத்திலே நிலைத்தது. அது ரதிதேவி ஆஸ்பத்திரியிலிருந்து சில நாள் வீட்டுக்கு வந்திருந்த வாரத்தில் ஏற்றப்பட்டது. மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது.

அந்த வாரத்தில் ரதிதேவி கணவரிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருந்தார். "இஞ்சேருங்கோ, நல்ல வெயில் எறிக்குது. என்னை ஒருக்கா வெளியாலை கூட்டிக்கொண்டு போங்கோவன்." குளிர்காற்று படக்கூடாதென்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகையால் இராசநாயகம், "நாளைக்குப் பாப்பம்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அதன் பின்னர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய ரதிதேவி வீட்டுக்கு வரவில்லை. ஒரு துண்டு வெயிலைக் கூடக் காட்டாமல் அனுப்பிவிட்டோமே என்ற எண்ணம், உண்ணும்போதும் உடுக்கும்போதும் இராசநாயகத்தின் நெஞ்சிற் கல்லாகக் கிடந்தது.

அந்த வெள்ளைக் கீற்று ஆஸ்பத்திரியில் மணிக்கட்டிற் கட்டிவிட்ட பெயர்ப் பட்டியாக இருக்குமாயின், அவர் சாமான் வாங்கச் சான்ட்ரிங்ஹாமுக்குப் போயிருந்த ஏதோவொரு பிற்பகலில் ரதிதேவி தாமாகவே எழுந்து வெயிலில் நின்றிருக்கிறார். வெறும் வளையலின் மினுக்கமாக இருக்குமாயின், படுக்கையிற் கிடந்தபடி பழைய படமொன்றை ஏற்றியிருக்கிறார். படம் எடுத்த தொலைபேசியோ வார்டு மாற்றும்போது எங்கோ தவறிப்போயிற்று. பெரிய அளவிற் படத்தைப் பார்த்தால் மட்டுமே விடை கிடைக்கும்.

ஆனால் மன்றத்தில் விதை, முளை, கன்று, செடி, மரம் என ஐந்து படிநிலைகள் இருந்தன. கன்று நிலையை அடைந்தவருக்கே பெரிய படம். ஏனையோருக்குத் தபால் முத்திரை.

"அம்மாவின்ர பேரிலையே உள்ளுக்குப் போகேலாதோ பிள்ளை?"

"ட்ரை பண்ணிட்டன் அப்பா. பாஸ்வேர்டை மாத்தினால் அது அம்மாவின்ர பழைய ஈமெயிலுக்குப் போகுது. அந்த ஈமெயில் கொம்பனியே இப்ப இல்லை."

ஆகவே இராசநாயகம் செயலாளர் சுப்பிரமணியனுக்கு மடல் எழுதினார். மறுமொழி விரைவில் வந்தது. உறுப்பினரின் படங்களை முழு அளவிற் கோரும் விண்ணப்பத்தை அவ்வுறுப்பினரே தம் கணக்கிலிருந்து அனுப்புதல் வேண்டும் என்று அதில் இருந்தது. உறுப்பினர் இறந்துவிட்டார் என்று இராசநாயகம் எழுதினார். அதற்கும் மறுமொழி வந்தது.

"ஆழ்ந்த அனுதாபங்கள். நீண்ட காலம் மன்றத்துக்கு வராதிருக்க நேரும் உறுப்பினர் அதற்கான காரணத்தை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். தங்கள் துணைவியார் அவ்வாறு அறிவிக்கத் தவறிவிட்டார். எனினும் அன்னாரது பங்களிப்பைக் கருதி மன்றம் இத்தவறைப் பொறுத்தருள்கிறது."

இராசநாயகம் நன்றி தெரிவித்து எழுதினார். எதற்காக நன்றி சொன்னார் என்பதை அனுப்பிய பின்னரே யோசித்தார்.

வேறு வழியின்றி அவரே விதையாகச் சேர்ந்தார். விதை முளையாவதற்கும் முளை கன்றாவதற்கும் ஒரே வழிதான் இருந்தது: தாம் வளர்க்கும் செடியின் படங்களை ஏற்றி ஆய்வுக்குழுவின் அங்கீகாரம் பெறுதல். நல்ல காலமாக, ரதிதேவியின் செடி ஒன்று துணி துவைக்கும் அறைச் சுவரோரம் தொட்டியில் நின்றது. கேட்பாரற்று நின்றமையால் பாதி இலை உதிர்ந்து, மீதி மஞ்சளித்திருந்தது. இராசநாயகம் அதனை வெயில் படும் இடத்துக்கு இழுத்து வைத்து, தயிர்ச் சட்டி கழுவிய தண்ணீரை ஊற்றி, முதற் படத்தை எடுத்து அனுப்பினார்.

படம் மிகப் பெரிதென்று நிராகரிக்கப்பட்டது. நூறு கிலோபைட்டுக்கு மேற்பட்ட படம் கம்பியை அடைத்துவிடும் என்பது விதி. அந்தக் கம்பி பிடுங்கப்பட்டுப் பல்லாண்டு கழிந்தும் விதி வேரோடு நின்றது. ராகவி படத்தைச் சுருக்கிக் கொடுத்தாள். சுருக்கிய படத்தில் அடிமட்டத்தின் அங்குலப் பக்கம் தெரிகிறதென்று ஆய்வுக்குழுவினர் திருப்பி அனுப்பினர். சென்ரிமீற்றர்ப் பக்கத்தைத் திருப்பி வைத்து எடுத்தபோது பின்னால் அயலவரின் வேலி விழுந்துவிட்டது. அயலவரிடம் எழுத்து மூலம் இசைவு பெறுமாறு பணித்தனர். அயல்வீட்டுச் சமோவாக்காரர் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டதோடு ஒரு பை எலுமிச்சம்பழமும் கொடுத்தனுப்பினார். அவர் கையெழுத்துத் தமிழில் இல்லையென்று அதுவும் திரும்பி வந்தது.

ஜூனில், அங்கே குளிர்காலமாதலால், உறைபனி விழுந்தது. செடி செத்துவிடுமோ என்று அஞ்சிய இராசநாயகம், அலுமாரியைத் திறந்து முதலிற் கைக்கு அகப்பட்ட ரதிதேவியின் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை எடுத்துச் செடிக்குப் போர்த்தி, பொத்தானையும் பூட்டிவிட்டார். சட்டைக் கழுத்துக்கு மேலே தளிர் தலைநீட்டிக்கொண்டு நின்றது. நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அதனைப் படமெடுத்து அனுப்பினார். அடிமட்டமும் சரி, அளவும் சரி, வேலியும் இல்லை.

"செடிக்கு ஆடை அணிவிக்கப்பட்டுள்ளது. மனித உடை மனித உடலின் நீட்சியே ஆகும். மனித உடலுறுப்புகள் படத்தில் இடம்பெறுதல் கூடாது. நிராகரிக்கப்பட்டது," என்று படத்தர ஆய்வுக்குழு தீர்ப்பளித்தது.

அப்படியாயின் ரதிதேவியின் கை எவ்வாறு இத்தனை ஆண்டு இடம்பெற்றது? இராசநாயகம் இதனைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டார். அவருடைய வினா மன்றத்தின் மேலிடம் வரை சென்றது. முதல் மட்டுறுத்துநரான நல்லசாமி என்பவர் விதிகளைப் படிக்காமலே எல்லாப் படத்தையும் அனுமதித்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார் என்றும், இம்முறைகேட்டை வெளிக்கொணர்ந்தமைக்கு நன்றி என்றும் சுப்பிரமணியன் எழுதினார்.

சில நாள் கழித்துச் சான்ட்ரிங்ஹாமில், மரக்கறிக் கடையொன்றில், மன்றத் தலைவர் சதாசிவத்தை இராசநாயகம் நேரிற் கண்டார். ஓய்வு பெற்ற பொறியியலாளர். கழுத்துவரை பூட்டிய கோட்டு. அவர் கையில் இருந்தது பிளாஸ்ரிக் பொட்டலத்தில் அடைத்த கறிவேப்பிலை.

"ஐயா, நீங்களும் கடையிலேயோ கறிவேப்பிலை வாங்கிறியள்?"

"என்ர செடி செத்துக் கனகாலம்," என்றார் சதாசிவம், சிறிதும் நாணமின்றி. "நான் நிர்வாகப் பக்கம் எல்லோ. செடி வளக்கிறவைக்குச் செடியைத்தான் தெரியும். மன்றம் ஓட வேணுமெண்டால் ஆரோ ஒராள் செடியை மறக்க வேணும்."

"ஓம் ஐயா. மனுசியின்ர அந்தக் கடைசிப் படம்... ஒரேயொருக்காப் பாத்தாக் காணும். உங்கட போனிலை திறந்து காட்டினாலும் போதும். ஒரு நிமிசம்."

சதாசிவம் சுற்றுமுற்றும் பார்த்தார். பூசணிக்காய்களைத் தவிர எவரும் இல்லை.

"இராசநாயகம், நீங்கள் நல்ல மனுசன். அதாலை சொல்லுறன். ஒராளுக்குக் கடையிலை வைச்சுக் காட்டினால், நாளைக்கு எல்லாரும் கடைக்கு வருவினம்."

"எல்லாரும் எண்டால் ஆர் ஐயா? என்னைத் தவிர ஒருத்தரும் கேக்கேல்லையே?"

"அதுதான் சொல்லுறன். இப்பவே கட்டுப்படுத்த வேணும்." பிறகு அவர் குரல் சற்று இளகியது. "கவலைப்படாதேங்கோ. செப்டம்பரிலை வெள்ளி விழா. உங்கட மனுசிக்கு ஆலமரப் பட்டம் குடுக்கிறம். இது வரைக்கும் ஆருக்கும் குடுக்காத பட்டம். அவவின்ர படத்தை, அதுவும் அந்தக் கடைசிப் படத்தை, பெரிய திரையிலை போடுறம். வந்து பாருங்கோ."

இராசநாயகம் கடையிலேயே கைகூப்பினார். வாங்க வந்த வெண்டிக்காயை மறந்து பஸ் ஏறினார். பெரிய திரை! அன்று முதல் அவர் ஆய்வுக்குழுவுக்குப் படம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஆகஸ்டில் திவசம் வந்து போயிற்று; திருமண வீடொன்றில் ரதிதேவி பட்டுச் சேலையோடு விறைத்து நின்ற படத்துடன் நினைவு மலர் வெளியாயிற்று. ராகவி முகம் சுளித்தாள். "செப்டம்பர் வரட்டும் பிள்ளை," என்றார் தகப்பன்.

விழா ஒனிஹங்காவிலே ஒரு சமூக மண்டபத்தில் நடந்தது. மேடையில் இருக்கைகள் போதவில்லை. கீழே இருக்கைகள் மிஞ்சிக் கிடந்தன. பொதுமக்கள் வரிசையில் இராசநாயகமும், ராகவியும், நிர்வாகிகளின் மனைவிமார் சிலரும் அமர்ந்திருந்தனர். குத்துவிளக்கைச் சுற்றி ஏதாவதொரு கறிவேப்பிலைக் கொத்து வைக்கலாமென்று எவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நிர்வாகிகளுள் எவரிடமும் செடியில்லை.

தலைவர் சதாசிவம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே! தாய்மார்களே! உறுப்பினர் தொகை குறைந்துவிட்டதெனச் சிலர் ஏளனம் செய்கின்றனர். குறையவில்லை, செறிந்திருக்கிறது! எத்தனையோ ஆயிரம் படங்கள் நம் மன்றத்தின் கதவைத் தட்டின. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றை நாம் நிராகரித்திருக்கிறோம். இவ்வளவு நிராகரித்த மன்றம் வேறெங்கேனும் உண்டா? இவ்வாண்டு வந்த படங்களுள் ஒன்றைக்கூட நாம் அங்கீகரிக்கவில்லை என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன். செடி வாடும், இலை உதிரும், மனிதர் மறைவர். விதி மட்டுமே என்றும் பசுமை மாறாதது!"

மேடை கைதட்டியது. பின்னர் ரதிதேவியின் பெயர் அழைக்கப்பட்டது. இராசநாயகம் மேடையேறிச் சட்டமிட்ட பட்டத்தைப் பெற்றுக்கொண்டார். செயலாளர் சுப்பிரமணியன் முன்வந்தார்.

"சார், உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ். மேடத்தோட படங்கள்ல கை தெரியுதுன்னு நீங்கதானே எங்க கவனத்துக்குக் கொண்டு வந்தீங்க? விதிமீறலோட ஆலமரப் பட்டம் குடுக்க முடியாது இல்லையா. அதனால கமிட்டியே உக்காந்து, ஒவ்வொரு படத்துலயும் கையை எடுத்துட்டு, அங்க நம்ம மன்றத்தோட அளவுகோலை வச்சிருக்கோம். சுத்தமாப் பண்ணிருக்கோம், பாருங்க."

"கையை... எடுத்திட்டியளோ?" என்றார் இராசநாயகம். "முந்தின படம் இருக்குந்தானே?"

"பழைய படம் இருந்த இடத்துலயே இதைச் சேமிச்சுட்டோம் சார், பழசு இப்ப இல்ல. சர்வர்ல இடம் ரொம்பக் கம்மி."

விளக்குகள் அணைந்தன. திரையிற் படம் விழுந்தது.

ஆளுயரத்துக்கு ஒரு கறிவேப்பிலைக் கொத்து. பக்கத்திலே மன்றத்தின் இலச்சினை பொறித்த மஞ்சள் அளவுகோல், எந்த மண்ணிலும் ஊன்றாமல் அந்தரத்தில் நின்றது. கை இல்லை. மணிக்கட்டு இல்லை. வெள்ளைக் கீற்று இல்லை. இராசநாயகம் சட்டமிட்ட பட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடுபவர்போலத் திரை முழுவதும் தேடினார்.

அப்போதுதான் அது அவர் கண்ணிற் பட்டது.

கையை எடுத்தவர்கள் கீழே மண்ணைக் கவனிக்கவில்லை. மண்ணில் ஐந்து விரல் விரித்த நிழல் அப்படியே கிடந்தது. குளிர்காலத்துச் சாய்ந்த வெயிலில் நீண்டு, ஓரம் கூர்மையாக, கறுப்பாக. மணிக்கட்டின் ஓரத்தில் நாக்குப்போல ஒரு சிறு துண்டு துருத்திக்கொண்டு நின்றது. வளையலுக்கு அப்படியொரு துண்டு இல்லை. ஆஸ்பத்திரிப் பட்டியின் வெட்டாமல் விட்ட நுனி அது. அந்த நுனி போர்வையில் மாட்டுகிறதென்று ரதிதேவி எத்தனை முறை முறையிட்டிருக்கிறார்! கத்தரிக்கோல் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு இவர் மறந்துமிருக்கிறார்.

போயிருக்கிறார். ஒருவரையும் கேளாமல் எழுந்து, கதவைத் திறந்து, வெளியே போயிருக்கிறார். நிழல் இவ்வளவு கறுப்பென்றால் அன்று எவ்வளவு வெயில் எறித்திருக்க வேண்டும்!

"நிழல்!" என்று இராசநாயகம் கத்தினார். மண்டபமே திடுக்கிட்டது. திரைக்கு அருகில் ஓடி, விரலால் தொட்டுக் காட்டினார். "நிழல் இருக்குது! இஞ்சை பாருங்கோ... நிழல் அப்பிடியே இருக்குது!"

சதாசிவம் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு திரையை நெருங்கினார். முகம் சிவந்தது. பின்னர் மெல்ல மலர்ந்தது. அவர் இராசநாயகத்தின் தோளைப் பற்றிச் சபையை நோக்கித் திருப்பினார்.

"பார்த்தீர்களா? படத்தர ஆய்வுக்குழு முழுவதும் கவனியாத குறையை ஒரு சாதாரண விதை கண்டுபிடித்திருக்கிறது! அதுவும் யாருடைய படத்தில்? தம் சொந்த மனைவியின் படத்தில்! மறைந்துவிட்டாரே என்று இரக்கப்பட்டாரா? பட்டம் கிடைத்துவிட்டதே என்று வாளாவிருந்தாரா? இல்லை! விதியின் பக்கம் நின்றார். இத்தகையவரையன்றோ மன்றம் இத்தனை காலமும் தேடிக்கொண்டிருந்தது! உடலுறுப்பின் நிழலும் உடலுறுப்பே. வரும் திங்கட்கிழமைக்குள் அந்நிழல் நீக்கப்படும். இராசநாயகம் இக்கணமே விதையிலிருந்து நேராகக் கன்றாக உயர்த்தப்படுகிறார். திங்கள் முதல் அது நடைமுறைக்கு வரும். ஆதரிப்போர் கையுயர்த்துக!"

மேடையிலிருந்த எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"இல்லை ஐயா," என்றார் இராசநாயகம். "நான் குறை சொல்லேல்லை. அதை அழிக்காதேங்கோ. அது அவ வெயிலிலை நிண்ட நிழல். நான் கூட்டிக்கொண்டு போகேல்லை. தானாப் போயிருக்கிறா. கும்பிட்டுக் கேக்கிறன், விட்டிடுங்கோ."

"உங்கட மனசு எனக்கு விளங்குது," என்று சதாசிவம் ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு இரகசியமாகச் சொன்னார். "ஆனா தீர்மானம் நிறைவேறிட்டுதே. அதுவும் உங்கட பேரிலை. வாபஸ் வாங்கிறதெண்டால் மேன்முறையீட்டுக் குழு கூட வேணும். அது இனிச் சித்திரையிலைதான்."

"அந்தப் படத்தை ஒருக்காத் திருப்பிப் போடுங்கோவன். நான் போனிலை எடுக்கிறன்."

"அது தானா ஓடுற ஸ்லைட்ஷோ சார்," என்றார் சுப்பிரமணியன் வருத்தத்தோடு. "பின்னாடி போகாது. அதோட மண்டபத்துல போட்டோ எடுக்கக் கூடாதுன்னு வாசல்லயே ஒட்டிருக்கோமே, கவனிக்கலையா?"

திரையில் அதற்குள் தலைவர் சதாசிவத்தின் படம் வந்திருந்தது. கழுத்துவரை பூட்டிய கோட்டு. அருகே அளவுகோல்.

காரில் வரும்போது ராகவி வீதியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அப்பா, யூ சோ இட், ரைட்? நீங்கள் கண்டனீங்கள்தானே?" என்று கேட்டாள்.

"கண்டனான்."

"எனக்கு வடிவாத் தெரியேல்லை. நான் பட்டத்தைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன்." அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். "எப்பிடி இருந்தது?"

"அந்தப் பட்டியின்ர நுனி வெட்டாமலே இருந்தது," என்றார் இராசநாயகம். "விரலெல்லாம் விரிச்சு வைச்சிருந்தவ. குளிருக்குக் கூனிக்கொண்டு நிக்கேல்லை. நல்லா விரிச்சு."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ராகவி செயலாளருக்கும் தலைவருக்கும் மடல்மேல் மடலாக எழுதினாள். முதலில் தமிழில், பின்னர் ஆங்கிலத்தில், ஈற்றில் இரண்டுமில்லாத கோபத்தில். விழாக் களைப்பினால் நிர்வாகம் ஓய்வில் இருப்பதாகத் தானியங்கி மறுமொழி ஒன்று வந்தது.

திங்கட்கிழமை இராசநாயகம் கணினியைத் திறந்தபோது, அவர் பெயருக்கு எதிரே ஒரு சிறு கன்றின் சித்திரம் துளிர்த்திருந்தது. கடைசிப் படத்தை அழுத்தினார். மன்றம் தன் வாக்கைக் காப்பாற்றியிருந்தது. தபால் முத்திரை விரிந்து விரிந்து திரை முழுவதும் நிறைந்தது. இலைகளின் நரம்பெல்லாம் தெரிந்தன. அளவுகோலின் கோடெல்லாம் தெரிந்தன. அவற்றின் கீழே மண் துடைத்து விட்டாற்போல வெளித்துக் கிடந்தது. வெயில் விழுந்ததற்கான ஓர் அடையாளமும் அதில் இல்லை.

படத்தின் அடியில் மன்றத்தின் முறைப்படி இரண்டு பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன.

"படம்: ரதிதேவி. குறை நீக்கம்: இராசநாயகம்."

அவர் அதனை வாய்விட்டு ஒருமுறை படித்தார். கலியாண அழைப்பிதழுக்குப் பிறகு அவர்கள் இருவருடைய பெயர்களும் எழுத்தில் அருகருகே வந்தது இதுதான் முதற்றடவை. கீழே, இப்படம் தரச்சான்று பெற்றுவிட்டது என்றும், இனி எக்காலத்தும் மாற்றப்படமாட்டாது என்றும் எழுதியிருந்தது.